பார்ம்-டிக்கு முன்னால் ஒரு பட்டம்

அமெரிக்காவில் படித்து அங்கேயே மருந்தாளுநராக வேண்டுமானால் பார்ம்-டி (டாக்டர் ஆஃப் பார்மசி) படித்தாக வேண்டும். பழைய இளநிலை மருந்தியல் பட்டத்துக்கு அங்கீகாரம் கொடுப்பதை இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நிறுத்திவிட்டார்கள். பார்ம்-டி பொதுவாக நான்காண்டுத் தொழிற்படிப்பு. அதில் சேருவதற்குமுன் குறைந்தது இரண்டாண்டு கல்லூரிப் பாடங்களை முடித்திருக்க வேண்டும். வேதியியல், உயிரியல், உடற்கூறியல், நுண்ணுயிரியல், கால்குலஸ், புள்ளியியல், ஆங்கிலக் கட்டுரை, மேடைப்பேச்சு என்று நீளும் அந்தப் பாடங்களைத்தான் ப்ரீ-பார்மசி என்கிறார்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் இதற்குத் தனியாகப் பட்டம் கிடையாது; இது பாடங்களின் பட்டியல் மட்டுமே. இதைப் படிக்க மூன்று வழிகள் உண்டு. கம்யூனிட்டி காலேஜிலோ வேறு கல்லூரியிலோ பாடங்களை மட்டும் முடித்துவிட்டு பார்ம்-டிக்கு விண்ணப்பிப்பது முதல் வழி. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு ஆறாண்டுக்கும் சேர்த்து இடம் தரும் கல்லூரியில் சேர்வது இரண்டாவது. வேதியியல், உயிர்வேதியியல் போன்ற ஓர் இளநிலைப் பட்டத்தை முழுதாக முடித்து, அதற்குள்ளேயே இந்தப் பட்டியலையும் முடிப்பது மூன்றாவது. அமெரிக்கக் குடிமகனுக்கு மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். மலிவானதைப் பார்த்துச் சேரலாம். எஃப்-1 மாணவர் விசாவில் போகிறவருக்கு அப்படியில்லை. அவருக்கு மூன்றாவது வழிதான் சரி என்பது என் கருத்து. அதிக ஆண்டுகள் பிடிக்கும், அதிகச் செலவாகும் என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

எந்த வழியில் போவது என்ற இந்தக் கேள்வி தமிழ்நாட்டு வீடுகளுக்கு எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். இங்கே பி.பார்ம் நான்காண்டுப் படிப்பு. வெளிநாட்டில் மருந்தியல் படித்தவர்கள் அமெரிக்க உரிமத்துக்கு முயல வேண்டுமானால், 2003 ஜனவரி 1-க்குப் பிறகு பட்டம் வாங்கியவர்கள் குறைந்தது ஐந்தாண்டுப் பாடத்திட்டத்தில் படித்திருக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. அதனால் பி.பார்ம் முடித்தவர் எவ்வளவு மதிப்பெண் வைத்திருந்தாலும் உரிமத்துக்கான முதல் தேர்வையே எழுத முடியாது. இந்திய மருந்தியல் குழுமம் 2008-இல் கொண்டுவந்த ஆறாண்டு பார்ம்-டி அந்த வரம்பைத் தாண்டுகிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். பி.பார்ம் வழி அடைபட்டதால்தான், பதினெட்டு வயதிலேயே அமெரிக்கா போய் அடியிலிருந்து தொடங்கினால் என்ன என்ற யோசனை பல வீடுகளில் எழுகிறது. யோசனையில் தவறில்லை. எந்த வழியில் தொடங்குவது என்பதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள்.

முதலில் பாடங்களையே பார்ப்போம். இரண்டாண்டில் முடியும் என்று விளம்பரப்படுத்தப்படும் பட்டியல் வெளிநாட்டு மாணவருக்கு இரண்டாண்டில் முடிவது அரிது. காரணம் வேதியியல். பொது வேதியியல் இரண்டு பருவம், அதைத் தேறிய பிறகு கரிம வேதியியல் இரண்டு பருவம், சில கல்லூரிகளுக்கு அதற்குமேல் உயிர்வேதியியல். ஒன்றை முடித்தால்தான் அடுத்ததில் சேர்த்துக்கொள்வார்கள். கல்லூரியில் சேர்ந்ததும் வைக்கும் கணித நிலைத்தேர்வில் கொஞ்சம் சறுக்கினால் இயற்கணிதத்திலிருந்து தொடங்கச் சொல்வார்கள். அதை முடிக்காமல் பொது வேதியியல் கிடைக்காது. அப்படி ஒரு பருவம் தள்ளிப்போனால், சிறிய கல்லூரிகளில் கரிம வேதியியலின் முதல் பகுதியை இலையுதிர் பருவத்தில் மட்டுமே நடத்துவதால் ஒரு முழு ஆண்டே போய்விடும். உள்ளூர் மாணவர் அந்த ஆண்டில் இரண்டு பாடம் எடுத்துக்கொண்டு மீதி நேரம் வேலைக்குப் போவார். எஃப்-1 மாணவர் ஒவ்வொரு பருவமும் குறைந்தது 12 கிரெடிட் எடுத்தே ஆக வேண்டும். அதில் ஆன்லைன் பாடம் ஒன்றுக்கு மேல் கணக்கில் சேராது. பட்டியல் தீர்ந்த பிறகும் கிரெடிட்டை நிரப்ப அவர் ஏதாவது படித்துக்கொண்டிருக்க வேண்டும், அதற்கும் வெளிநாட்டு மாணவருக்கான முழுக் கட்டணம் கட்ட வேண்டும். அந்தப் பாடங்கள் ஒரு பட்டத்தை நோக்கிப் போனால் பணத்துக்குப் பயன் உண்டு. போகாவிட்டால் இல்லை.

இதற்கு மாற்றாகத்தான் ஆறாண்டு வழி கவர்ச்சியாகத் தெரிகிறது. ரட்கர்ஸ், நார்த்ஈஸ்டர்ன், செயின்ட் ஜான்ஸ் போன்ற இடங்களில் நெடுங்காலமாக இருந்துவரும் முறை இது. பள்ளி முடித்ததும் சேர்ந்தால் பார்ம்-டி இடம் ஏறக்குறைய உறுதி. ஆனால் அந்த உறுதிக்கு இன்று என்ன மதிப்பு? 2000-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவில் எண்பது சொச்சம் மருந்தியல் கல்லூரிகள் இருந்தன; இன்று 140-க்கு மேல். 2010-க்குப் பிறகு விண்ணப்பங்களோ பாதிக்கும் கீழே போய்விட்டன. மருந்தியல் கல்லூரிகளுக்கென்றே நடத்தப்பட்ட பிகேட் நுழைவுத் தேர்வைக் கேட்பாரில்லாமல் 2024 ஜனவரியோடு நிறுத்திவிட்டார்கள். இடம் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்த காலத்தில் முன்கூட்டி இடம்பிடித்து வைப்பதற்கு அர்த்தம் இருந்தது. கல்லூரிகள் மாணவர்களைத் தேடி அலையும் காலத்தில், நான்காண்டு கழித்துக் கேட்டாலும் கிடைக்கக்கூடிய இடத்துக்காகப் பதினேழு வயதில் ஆறாண்டுக்கு ஒப்புக்கொள்ள வேண்டிய தேவை என்ன? அந்த உறுதியும் நிபந்தனையோடுதான் வருகிறது. குறிப்பிட்ட ஜி.பி.ஏ. குறைந்தால் இடம் போய்விடும். பெரிய பல்கலைக்கழகமாக இருந்தால் வேறு மேஜருக்கு மாறிக்கொள்ளலாம். சுகாதாரப் படிப்புகள் மட்டுமே உள்ள சிறு கல்லூரியாக இருந்தால், மாறுவதற்கு அங்கே பெரிதாக ஒன்றும் இருக்காது. அப்படிப்பட்ட தனிக் கல்லூரிகள்தான் இந்தச் சரிவில் முதலில் அடிவாங்குகின்றன. 1821-இல் தொடங்கிய, வட அமெரிக்காவின் முதல் மருந்தியல் கல்லூரியான பிலடெல்பியா கல்லூரியின் வாரிசாக நின்ற பல்கலைக்கழகமே 2022-இல் செயின்ட் ஜோசப்ஸ் பல்கலைக்கழகத்தோடு இணைந்துவிட்டது. இருநூறு வருடப் பேரே தனித்து நிற்க முடியாதபோது, மற்றவற்றின் விளம்பரத்தை நம்பி ஆறாண்டுக் கட்டணத்தைத் திட்டமிடுவது துணிச்சல்தான்.

ஆனாலும் என் வாதத்தின் கனமான பகுதி இதுவல்ல. வெளிநாட்டு மாணவருக்குக் கல்லூரி கொடுக்கும் ஐ-20 படிவத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். முதல் பக்கத்தில் படிப்பின் பெயருக்குப் பக்கத்தில் புள்ளி வைத்த ஓர் எண் இருக்கும். பார்மசிக்கு அது 51.2001. இந்த எண் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இல்லை. மருந்து அறிவியல் எனப்படும் பார்மசூட்டிகல் சயின்சஸ், அதாவது 51.2010, பட்டியலில் இருக்கிறது. மருந்து வேதியியலும் இருக்கிறது. வேதியியல், உயிர்வேதியியல் எல்லாம் இருக்கின்றன. மருந்தாளுநரை உருவாக்கும் படிப்பு மட்டும் இல்லை. இதன் விளைவு படிப்பு முடிந்த மறுநாளே தெரியும். படித்து முடித்தவர் அங்கேயே வேலை பார்க்கக் கொடுக்கும் ஓ.பி.டி. அனுமதி எல்லோருக்கும் 12 மாதம். ஸ்டெம் பட்டமென்றால் மேலும் 24 மாதம். பார்ம்-டி வாங்கியவருக்கு அந்த 12 மாதம் மட்டுந்தான். அந்தப் பன்னிரண்டு மாதத்திலும் உரிமத்துக்கான நாப்லெக்ஸ் தேர்வு, மாநில மருந்துச் சட்டத் தேர்வு, உரிமம் வரும்வரை காத்திருப்பு எல்லாம் அடக்கம். மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருந்தால் ஓ.பி.டி.யே போய்விடும் என்ற விதியும் தலைக்குமேல் தொங்குகிறது. உரிமம் வருவதற்குள் பயிற்சி மருந்தாளுநராக யாராவது எடுத்துக்கொண்டால் பிழைத்தார். அதன் பிறகு ஹெச்-1பி வேலை விசாவுக்கான குலுக்கல். ஆண்டுக்கு 85,000 இடம், பதிவு மார்ச் மாதத்தில். மே மாதம் பட்டம் வாங்கியவரின் ஓராண்டு ஓ.பி.டி.க்குள் ஒரே ஒரு மார்ச்தான் வரும். ஆறு முதல் எட்டு ஆண்டுப் படிப்பும் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் செலவும் ஒரு குலுக்கலை நம்பி நிற்கும் நிலை இது.

இங்கேதான் முன்னால் வாங்கிய இளநிலைப் பட்டம் கைகொடுக்கிறது. ஓ.பி.டி. அடுத்தடுத்த உயர் பட்டநிலை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கிடைக்கும். அதனால் இளநிலை ஸ்டெம் பட்டம் முடித்த மாணவர், பார்ம்-டி வேண்டாமென்று முடிவெடுத்தாலும் மூன்றாண்டு வேலை பார்க்கும் வாய்ப்போடு வெளியே வருகிறார். மருந்து நிறுவன ஆய்வகங்களில் அந்தப் பட்டத்துக்கு வேலை உண்டு. பலருக்குத் தெரியாத இன்னொரு விதியும் இருக்கிறது. கடைசியாக வாங்கிய பட்டம் ஸ்டெம் இல்லையென்றாலும், கடந்த பத்தாண்டுக்குள் அமெரிக்காவில் வாங்கிய முந்தைய ஸ்டெம் பட்டத்தை வைத்து அந்த 24 மாத நீட்டிப்பைக் கேட்கலாம். முன்பே அந்தப் பட்டத்துக்காக நீட்டிப்பைப் பயன்படுத்தியிருக்கக் கூடாது. செய்யும் வேலை அந்த முந்தைய பட்டத்தோடு நேரடித் தொடர்புள்ளதாக இருக்க வேண்டும். வேலை கொடுப்பவர் அரசின் ஈ-வெரிஃபை முறையில் பதிவுசெய்தவராக இருக்க வேண்டும். தெருமுனை மருந்துக் கடையில் மாத்திரை எண்ணிக் கொடுக்கும் வேலைக்கு உயிர்வேதியியல் பட்டத்தைக் காட்டுவது கடினம். மருந்து நிறுவனத்தில் ஆய்வு, மருந்தின் பாதுகாப்புக் கண்காணிப்பு போன்ற வேலைகளுக்கு அப்படிக் காட்ட இடமுண்டு. பட்டமில்லாமல் பாடங்களை மட்டும் முடித்துவிட்டு பார்ம்-டிக்குத் தாவியவரிடம் காட்டுவதற்கு ஒன்றுமே இல்லை. ஓஹாயோ ஸ்டேட், பர்டூ, பஃபலோ, கலிஃபோர்னியாவின் அர்வைன் போன்ற பல்கலைக்கழகங்கள் பார்மசூட்டிகல் சயின்சஸில் இளநிலைப் பட்டமே தருகின்றன. ப்ரீ-பார்மசி பாடங்கள் பெரும்பாலும் அதற்குள்ளேயே அடங்கிவிடும். பெயரைப் பார்த்து மட்டும் சேர்ந்துவிடாமல், ஐ-20-இல் வரப்போகும் எண் எது என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

செலவுக் கணக்கு போடுகிறவர்கள் உடனே கேட்பது: ஆறாண்டில் முடிவதை எட்டாண்டாக நீட்டுவதற்கு யார் பணம் கொடுப்பது? நியாயமான கேள்வி. எஃப்-1 மாணவருக்கு அமெரிக்க அரசின் கல்விக்கடன் கிடையாது. தனியார் கடன் கொடுப்பவர்கள் பெரும்பாலும் அந்நாட்டுக் குடிமகனோ நிரந்தர வசிப்புரிமை உள்ளவரோ ஜாமீன் நிற்க வேண்டும் என்கிறார்கள். தனியார் கல்லூரியில் பார்ம்-டிக்கு ஆண்டுக்கு 40,000 டாலருக்கு மேல் கட்டணம் என்பது சாதாரணம். ஆனால் ஆறுக்கும் எட்டுக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்க வழிகள் இருக்கின்றன. ஸ்டாக்டனில் உள்ள பசிபிக் பல்கலைக்கழகம் நெடுங்காலமாகவே பார்ம்-டியைக் கோடை விடுமுறை இல்லாமல் மூன்றாண்டில் முடித்துவிடுகிறது. சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் 2018-இல் மூன்றாண்டுக்கு மாறியது. அங்கே சேர்ந்தால் கணக்கு ஏழாண்டு. சில பல்கலைக்கழகங்களில் மூன்றாண்டு இளநிலை படித்துவிட்டு பார்ம்-டியில் சேரலாம். பார்ம்-டியின் முதலாண்டுப் பாடங்களை நான்காம் ஆண்டாகக் கணக்கில் எடுத்து இளநிலைப் பட்டத்தையும் கொடுத்துவிடுகிறார்கள். அதுவும் ஏழுதான். முதல் இரண்டாண்டைக் கம்யூனிட்டி காலேஜில் படித்து, பிறகு மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறிப் பட்டம் வாங்குவதும் உண்டு. கம்யூனிட்டி காலேஜை நான் குறை சொல்லவில்லை. பட்டம் வாங்காமல் அங்கிருந்து நேராக பார்ம்-டிக்குப் போவதைத்தான் வேண்டாம் என்கிறேன். ஆக, உண்மையில் கூடும் காலம் ஓராண்டு. நடுவில் ஏதாவது தவறினால் கையில் பட்டம் இருக்குமா இருக்காதா என்ற கேள்விக்கு அந்த ஓராண்டு கொடுக்கத்தக்க விலைதான்.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. இந்தியாவிலேயே ஆறாண்டு பார்ம்-டி முடித்துவிட்டு, வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான தேர்வையும் டோஃபல் ஆங்கிலத் தேர்வையும் எழுதி, பயிற்சி மணிநேரத்தை அங்கே முடித்து உரிமம் வாங்கிவிடலாமே? செலவு பத்தில் ஒரு பங்குகூட ஆகாதே? உரிமம் ஒன்றுதான் குறிக்கோள் என்றால், இதைவிட மலிவான வழி இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். சிக்கல் உரிமத்தில் இல்லை, அங்கே போய் நிற்பதில் இருக்கிறது. அமெரிக்காவில் படிக்காதவருக்கு ஓ.பி.டி. கிடையாது. நேராக ஹெச்-1பி வேண்டும். 2025 செப்டம்பரில் வந்த அதிபர் ஆணை, நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கான புதிய ஹெச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் விதித்தது. உள்ளேயே எஃப்-1-இலிருந்து மாறுகிறவர்களுக்கு அது பொருந்தாது என்று அடுத்த மாதமே குடியேற்றத் துறை விளக்கம் கொடுத்தது. ஒரு மருந்துக் கடைச் சங்கிலி, சேலத்திலோ மதுரையிலோ இருக்கும் ஒரு மருந்தாளுநருக்காக அந்தத் தொகையைக் கட்டுமென்று நான் எதிர்பார்க்க மாட்டேன். கனடாவுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அங்கே நம் நான்காண்டு பி.பார்மையே மதிப்பீட்டுக்கு ஏற்கிறார்கள். வட அமெரிக்காவில் எங்காவது மருந்தாளுநராக இருந்தால் போதும் என்பவர் அந்தத் திசையை முதலில் பார்க்கலாம்.

சம்பளத்தைக் காட்டி வாதிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் கணக்குப்படி 2023-இல் மருந்தாளுநரின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 1,36,030 டாலர். நல்ல சம்பளம், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சம்பளத்தை அதிகம் பேருக்குக் கொடுத்துவந்த கடைகள் என்ன ஆயின? ரைட் எய்ட் 2023-இலும் 2025-இலும் திவால் மனு போட்டு, 2025 அக்டோபரில் கடைசிக் கடையையும் மூடிவிட்டது. வால்கிரீன்ஸ் மூன்றாண்டில் 1,200 கடைகளை மூடுவதாக 2024-இல் அறிவித்தது. சிவிஎஸ் அதற்கு முன்பே 900 கடைகளை மூடும் வேலையைத் தொடங்கிவிட்டது. மருந்தாளுநரே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கடைகளில் ஆள் பற்றாக்குறை என்ற புகார்கூட இருக்கிறது. ஆனால் ஆளைக் குறைத்துக் கொண்டிருக்கும் நிறுவனம், விசா மனுவுக்கும் வழக்கறிஞருக்கும் செலவழித்து ஒருவரை வைத்துக்கொள்ள எவ்வளவு ஆர்வம் காட்டும்? செவிலியரும் பிசியோதெரபிஸ்டும் கிரீன் கார்டு மனுவில் தொழிலாளர் சான்று இல்லாமல் போகலாம். மருந்தாளுநருக்கு அந்தச் சலுகை இல்லை. இந்தியாவில் பிறந்தவருக்கு அதற்குப் பின்னும் பல்லாண்டு வரிசை. பல்கலைக்கழகத்தோடு இணைந்த லாபநோக்கற்ற மருத்துவமனைகள் குலுக்கல் இல்லாமலே ஹெச்-1பி கொடுக்க முடியும் என்பது ஓர் ஆறுதல். ஆனால் அங்கே வேலைக்குப் பொதுவாக ரெசிடென்சி என்னும் பட்டத்துக்குப் பிந்தைய பயிற்சியை முடித்தவர்களைத்தான் எடுக்கிறார்கள். விசா கொடுக்க மறுக்கும் ரெசிடென்சி இடங்கள் ஏராளம். நியூஜெர்சி பக்கம் மருந்து நிறுவனங்களோடு சேர்ந்து ரட்கர்ஸ் நடத்துவது போன்ற ஃபெலோஷிப் வழியில் போகிறவருக்கு, முன்னே சொன்ன முந்தைய ஸ்டெம் பட்டம்தான் உதவிக்கு வரும்.

இந்த வாதத்தை ஏற்றுக்கொண்டவர், இளநிலைக் கல்லூரியைத் தேடும்போதே பின்னால் சேரப்போகும் பார்ம்-டி கல்லூரிகள் நாலைந்தின் பாடப்பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு கல்லூரி இயற்பியல் கேட்கும், இன்னொன்று பொருளாதாரம் கேட்கும். அறிவியல் பாடங்கள் சில ஆண்டுகளுக்கு மேல் பழையதாக இருந்தால் ஏற்க மாட்டேன் என்று சொல்லும் இடங்களும் உண்டு. நாப்லெக்ஸில் எந்தக் கல்லூரி மாணவர்கள் எத்தனை சதவீதம் தேறினார்கள் என்ற விவரம் ஆண்டுதோறும் வெளியாகிறது. 2023-இல் முதல் முயற்சியில் ஐந்தில் ஒருவருக்கு மேல் தோற்றார்கள். கல்லூரிக்குக் கல்லூரி இந்த எண் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கிறது. உள்ளூர் மாணவர் தோற்றால் 45 நாள் கழித்து மறுபடி எழுதுவார்; ஓ.பி.டி. ஓடிக்கொண்டிருப்பவருக்கு அந்த 45 நாளும் கணக்கில் கழியும். பார்ம்-டியில் முதல் ஆண்டுகளில் குறைந்தது 300 மணி, கடைசி ஆண்டில் குறைந்தது 1,440 மணி மருந்தகங்களிலும் மருத்துவமனைகளிலும் களப்பயிற்சி உண்டு. வளாகத்துக்கு வெளியே நடக்கும் இந்தப் பயிற்சிக்கு எஃப்-1 மாணவருக்கு சி.பி.டி. அனுமதியைக் கல்லூரி எழுதிக்கொடுக்கும். முழுநேர சி.பி.டி. பன்னிரண்டு மாதத்தைத் தொட்டுவிட்டால் அந்தப் பட்டத்துக்கான ஓ.பி.டி. முழுவதும் பறிபோகும். கடைசி ஆண்டுப் பயிற்சி 36 வாரம்தான் என்பதால் பயமில்லை. அதற்குமேல் கோடையில் முழுநேர வேலைக்கு சி.பி.டி. எடுத்தவர்கள்தான் விரலை மடக்கிக் கணக்குப் பார்க்க வேண்டும். பயிற்சிக்கான மாநில அனுமதிக்குப் பல இடங்களில் சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்கிறார்கள். இதையெல்லாம் முன்பே செய்து பழகிய வெளிநாட்டு மாணவர் அலுவலகம் அந்தக் கல்லூரியில் இருக்கிறதா என்பது, தரவரிசையில் அது எத்தனையாவது இடம் என்பதைவிட முக்கியம். 2025 ஆகஸ்டில், எஃப்-1 மாணவர்களை ஒரே தடவையில் நான்காண்டுக்கு மேல் அனுமதிக்கக் கூடாது என்ற வரைவு விதியையும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை முன்வைத்தது. ஆறாண்டுப் படிப்பை ஒரே மூச்சில் திட்டமிடுகிறவர்கள் இதையும் கவனிக்க வேண்டும்.

கடைசியாக, ஊரிலிருந்து விமானம் ஏறாமலே வெளிநாட்டு மாணவராகிவிடும் ஒரு கூட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். டல்லாஸிலும் நியூஜெர்சியிலும் ஹெச்-1பி விசாவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் ஹெச்-4 என்னும் குடும்ப விசாவில் பள்ளிப்படிப்பை அங்கேயே முடிக்கிறார்கள். 21 வயது நிறைந்ததும் அந்த விசா செல்லாது. அதற்குள் எஃப்-1-க்கு மாறியாக வேண்டும். பதினெட்டு வயதில் ஆறாண்டு வழியில் சேர்ந்தால், மூன்றாம் ஆண்டு முடிந்து தொழிற்படிப்பின் பெருங்கட்டணம் முழுவீச்சில் ஓடும் நேரத்தில் இந்த மாற்றம் வருகிறது. சில மாநிலங்களில் உள்ளூர்க் கட்டணச் சலுகையும் அதோடு போய்விடும். மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டம் படித்துக்கொண்டிருந்தால் அதே மாற்றம் கடைசி ஆண்டில் வரும். வெளிநாட்டுக் கட்டணம் பெரும்பாலும் ஓராண்டோடு முடியும். அப்பா அம்மாவின் கிரீன் கார்டு வரிசை எங்கே நிற்கிறது என்பது அதற்குள் தெரிந்திருக்கும். பார்ம்-டிக்குப் பணம் கட்டலாமா, மூன்றாண்டு ஓ.பி.டி.யில் ஏதாவது ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டுப் பிறகு முடிவெடுக்கலாமா என்பதை இருபத்திரண்டு வயதில், அந்தத் தகவலோடு தீர்மானிக்கலாம்.